பாதித் தூள்

ஒசாகா நகரத்துக்கு வடக்கே, ஹான்க்யூ ரயிலின் தகராசுகா தடத்தில் அப்போது இஷிபாஷி என்ற பெயரில் ஒரு நிலையம் இருந்தது. இறங்கியதும் நெரிசலான கடைத்தெரு. அதைத் தாண்டினால் பல்கலைக்கழக மேடு. 2006-ல் வேதியியல் ஆராய்ச்சிக்காக அங்கே போனேன். உதவித்தொகை கைக்கு வரச் சில வாரம் பிடிக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கையிலிருந்த யென்னை எண்ணி எண்ணிச் செலவழித்தவளுக்கு அந்தத் தெருவின் சூப்பர் மார்க்கெட்டில் கட்டுப்படியான பொருள் இரண்டுதான். ஒன்று, ஐந்து பாக்கெட்டை ஒன்றாகக் கட்டி ஏறக்குறைய முந்நூறு யென்னுக்கு விற்ற ராமென். இன்னொன்று மொயாஷி, அதாவது முளைகட்டிய பயறு. ஒரு பை முப்பது யென். நம் வீட்டு முளைப்பயறு போலக் குட்டையாக இருக்காது. விரல் நீளத்துக்கு வெள்ளைத் தண்டு, நுனியில் ஒரு மஞ்சள் தலை. அந்த ஊரில் மற்ற காய்கறியெல்லாம் யானை விலை குதிரை விலை. ஒரு தர்பூசணியின் விலையைப் பார்த்துவிட்டு, பழத்தைத் தொட்டதற்கே காசு கேட்பார்களோ என்று கையை இழுத்துக்கொண்டேன். மொயாஷி மட்டும் ஏழை பங்காளன்.

விடுதியில் தளத்துக்கு ஒரு பொதுச் சமையலறை. ராத்திரி ஏழு மணிக்கு மேல் அங்கே பாதி ஆசியா கூடிவிடும். ஒரு பக்கம் சீனப் பெண்கள் கத்தியின் அகலத்தால் பூண்டை நசுக்குவார்கள். இன்னொரு பக்கம் இந்தோனேசியர்களின் மிளகாய் வதங்கி எல்லோரையும் இரும வைக்கும். மாயவரத்து அக்காவை அங்கேதான் முதலில் பார்த்தேன். கணிதத்தில் முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டில் இருந்தார். சுத்த சைவம். தமிழில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, “நீ அசைவம் சாப்பிடுவியாடி?” என்பதுதான்.

“சாப்பிடுவனுங்க்கா.” நான் கரூர்க்காரி, அந்த ‘ங்க’ போகாது.

“நல்லதாப் போச்சு. அப்ப இதெல்லாத்தையும் நீயே எடுத்துட்டுப் போயிடு.”

ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். வாய்வரை சூப் தூள் பாக்கெட்டுகள். அக்கா ராமென் வாங்குவது உள்ளே இருக்கும் நூடுல்ஸுக்காக மட்டும். தூளில் பன்றிச் சாறோ கோழிச் சாறோ ஏதாவது ஒன்று இருக்கும். ஜப்பானிய எழுத்தில் பன்றி, கோழி, மாடு, மீன் நான்கையும் கணிதச் சொற்களுக்கு முன்பே கற்றுக்கொண்டுவிட்டாராம். ஆனால் தூளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே! யாராவது வருவார்கள் என்று சேர்த்து வைத்திருந்தார். நான் வந்தேன்.

அக்கா நூடுல்ஸைத் தனியாக வேகவைத்து, தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிடுவார். வடித்த நீர் கலங்கிய மஞ்சளாக, மேலே எண்ணெய்ப் பொட்டு மிதக்கக் கிடக்கும். “இதைப் போயா குடிக்கறாங்க?” என்று தொட்டியில் கொட்டுவார். பிறகு கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்து, எலுமிச்சை பிழிந்து, சேவை போல உதிரியாகக் கிளறுவார். இல்லையென்றால் மிளகு ரசத்தில் போட்டுச் சாப்பிடுவார். சாமானெல்லாம் கோபேயிலிருந்து வரும். அங்கே கிதானோ மேட்டுப் பக்கம் தலைமுறை தலைமுறையாக இந்தியர்கள் இருக்கிறார்கள், மசாலாக் கடைகள் உண்டு. ஜூசோவில் வண்டி மாறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். துவரம்பருப்பு, தனியா, பெருங்காயம் எல்லாம் கிடைக்கும். கறிவேப்பிலைக்கு மட்டும் ஏங்க வேண்டியதுதான்.

எலுமிச்சை நூடுல்ஸ் எனக்குப் பிடிக்கவில்லை. இன்றும் பிடிக்காது. ராமென் இழை உதிரியாக நிற்கிற ஜாதி அல்ல. வடித்த மறு நிமிடமே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சேவையின் அழகு அரிசியில் இருக்கிறது. அந்த ரசம் வேறு கதை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ராமெனை ராமெனாகவே எப்படிச் சமைப்பது என்று காட்டியவர் ஆய்வகத்தில் எனக்கு மூத்த மாணவர், ஹொக்கைடோக்காரர். எங்கள் கருவிகளில் சில ராத்திரி முழுக்க ஓடும். யாராவது காவல் இருக்க வேண்டும். ஆய்வகத்தில் சாப்பிடக் கூடாது என்பதால் பக்கத்து அறையில் ஒரு மின் அடுப்பும் ஒற்றைக் கைப்பிடி வைத்த ஒரு பாத்திரமும் இருந்தன. அவர் வாங்குவது சப்போரோ இச்சிபான் மிசோ, அதாவது புளித்த சோயா விழுது ருசி, மட்டும்தான். ஹொக்கைடோவின் சப்போரோ என்பது பெயரில்தான். குன்மா மாகாணத்தில் தொடங்கிய கம்பெனி அது. 1966-ல் சோயா, 1968-ல் மிசோ, 1971-ல் உப்பு என்று மூன்று ருசியையும் வரிசையாகக் கொண்டுவந்தார்கள். அந்த மூன்றும் இன்றும் கடையில் இருக்கின்றன.

அரை லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் நூடுல்ஸை இறக்குவார். இறக்கியதும் குச்சியைக் கீழே வைத்துவிடுவார். நான் பழக்க தோஷத்தில் கிளறப் போனால், “இன்னும் இல்லை” என்று கையை மறிப்பார். ஒரு நிமிடம் ஆனதும் கட்டியை அப்படியே திருப்பிப் போடுவார். அப்புறம்தான் குச்சி நுனியால் மெல்ல விலக்குவார். முன்னாலேயே குத்தினால் இழை உடைந்து கூழாகிவிடும். தானாக நெகிழ்ந்த பிறகு தொட்டால் முழு இழையாகப் பிரியும். மூன்று நிமிடம். அடுப்பை அணைத்த பிறகுதான் தூள். தூளைக் கொதியில் போட்டால் மிசோவின் வாசம் ஆவியோடு போய்விடும். பாக்கெட்டின் பின்புறத்திலேயே அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்!

மொயாஷியை சூப்பில் வேகவிடமாட்டார். தனி வாணலியில், கொஞ்சம் எண்ணெயில், அடுப்பை முழு வேகத்தில் வைத்து ஒரு புரட்டு. தண்டு கடிக்கும்போது நறுக்கென்று இருக்க வேண்டும். அதைக் குவியலாக மேலே வைத்து, உச்சியில் சுண்டுவிரல் அளவு வெண்ணெய். வெண்ணெய் உருகி மிசோவின் மேல் வட்ட வட்டமாக இறங்கும்போது நூடுல்ஸோடு வருகிற குட்டிப் பாக்கெட்டிலிருந்து மிளகாய் கலந்த மசாலாப் பொடியைத் தூவுவார். டின்னில் அடைத்த சோளம் இருந்தால் அதுவும். ஹொக்கைடோ பால் பண்ணைகளின் ஊர், சோளத்தின் ஊர். அவருக்கு அது அலங்காரம் இல்லை, வீட்டு வழக்கம். ராத்திரி இரண்டு மணிக்கு, ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டும்போது, அந்தப் பாத்திரத்திலிருந்தே ஆளுக்குப் பாதி. அதைவிட ருசியான சாப்பாட்டைக் காசு கொடுத்துச் சாப்பிட்டிருக்கிறேனா என்றால், சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அதிகமில்லை.

அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவார். “என்ன சாப்பிட்ட கண்ணு?” என்பதற்கு நான் நூடுல்ஸ் என்று சொன்னால், மறுமுனையில் ஒரு நொடி மௌனம். “அதுல உப்பு எத்தனைன்னு பார்த்தியா? உங்க அப்பாவுக்கு முப்பத்தெட்டு வயசுல ஆரம்பிச்சுது.” அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஜப்பானியர்கள் அந்த விஷயத்தில் நேர்மையானவர்கள். உப்பின் அளவை கிராமில் அச்சிட்டுவிடுகிறார்கள். ஒரு பாக்கெட்டில் ஐந்து, ஆறு கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுமைக்கும் ஐந்து கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. நானோ என் பாக்கெட் போதாமல் அக்காவின் டப்பாவையும் காலி செய்துகொண்டிருந்தேன்.

அந்த உப்பில் பெரும்பங்கு தூளில் இருக்கிறது, மீதி நூடுல்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அக்கா வடித்துக் கொட்டுகிற தண்ணீரில் இரண்டாவதிலும் ஒரு பங்கு போய்விடும். ஆகவே வழி கண்ணெதிரே இருந்தது: வடித்துவிடு, தூளைப் பாதியாக்கு. செய்து பார்த்தால் கழுநீர் மாதிரி இருந்தது. உப்பு குறைந்தது ஒரு குறையில்லை, நாக்கு மெல்லப் பழகிக்கொள்ளும். உப்போடு சேர்ந்து அஜினோமோட்டோவும் பாதியாகிவிட்டதுதான் தொல்லை.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த அனுமதிக்க வேண்டும். என் தொழில் அது. 1908-ல் தோக்கியோ பேராசிரியர் கிகுனாயே இகேதா, கொம்பு என்கிற கடற்பாசி ஊறிய நீருக்கு ஏன் அத்தனை ருசி என்று தேடிப்போய், குளூட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் உப்புதான் மறு வருஷம் அஜினோமோட்டோவாகக் கடைக்கு வந்தது. அவருடைய மாணவர் கொதாமா 1913-ல் காய்ந்த போனிட்டோ மீனில் இனோசினேட் என்ற இன்னொன்றைக் கண்டார். 1950-களின் கடைசியில் குனினாகா என்பவர், உலர்ந்த ஷிட்டாகே காளானில் இருக்கும் குவானிலேட்டின் பங்கைச் சொன்னார். முக்கியமான சங்கதி இனிமேல்தான். குளூட்டமேட் தனியாக இருந்தால் ஒரு ருசி. மற்ற இரண்டில் ஒன்று அதனோடு சேர்ந்தால் ருசி கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். கடற்பாசியும் மீனும் சேர்த்துச் சாறு எடுக்கிற ஜப்பானியப் பாட்டிமார் இந்தப் பெருக்கல் வாய்பாட்டைப் பல நூற்றாண்டாகக் கையாண்டு வந்திருக்கிறார்கள்.

அப்படியானால் பாதித் தூளைக் காளான் ஊறிய நல்ல தண்ணீரில் கரைத்தால் முழுத் தூளின் ருசி வர வேண்டும். வந்தது. உலர்ந்த ஷிட்டாகே இரண்டை முந்தின ராத்திரி குளிர்ந்த நீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் தேயிலை நிறத்தில் தெளிந்த நீர். அதைச் சூடாக்கிப் பாதித் தூள். காளானை நறுக்கி அதிலேயே போட்டால் கறி மாதிரி மென்று தின்னலாம். விலையும் அதிகமில்லை; ஒரு பை வாங்கினால் மாதக்கணக்கில் வரும்.

இப்போது அக்காவின் ரசத்துக்கு வரலாம். பழுத்த தக்காளியிலும் குளூட்டமேட் தாராளமாக இருக்கிறது. மிளகு, சீரகம், பூண்டைத் தட்டிப்போட்டு, தக்காளியைக் கையால் பிசைந்து அவர் வைக்கிற ரசத்தில் தண்ணீருக்குப் பதில் காளான் ஊறிய நீரை ஊற்றச் சொன்னேன். “எதுக்குடி வீண் வேலை?” என்றவர், காளான் சைவம்தானே என்று ஊற்றினார். நுரைகட்டி வரும்போதே வாசம் மாறிவிட்டது. தனியாக வெந்து வடித்த நூடுல்ஸைக் கிண்ணத்தில் போட்டு, மேலே ரசம், கொத்தமல்லிக்குப் பதில் பொடிப்பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். தூள் ஒரு சிட்டிகைகூட இல்லை. இரண்டாவது கிண்ணம் போட்டுக்கொண்டு அக்கா சொன்னார்: “இது ரசம்தாண்டி. ஜப்பான்காரன் பேரைச் சொல்லி ஏமாத்தாதே.” நான் வாதாடவில்லை. வாதாடினால் கிண்ணம் காலியாகிவிடும்.

2007 ஜனவரியில், பாக்கெட் நூடுல்ஸைக் கண்டுபிடித்த மொமொஃபுகு ஆண்டோ இறந்தார். 96 வயது. நியூயார்க் டைம்ஸ்கூடத் தலையங்கம் எழுதியது. ஆய்வகத்தில் அதைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான், அவர் வீடு இருந்த இகேதா எங்கள் இஷிபாஷிக்கு அடுத்த நிலையம் என்றும், அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறதென்றும் தெரிந்தது. (குளூட்டமேட் இகேதாவுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமில்லை.) ஒரு சனிக்கிழமை அக்காவும் நானும் போனோம். அனுமதி இலவசம் என்றதும் அக்காவுக்கு ஆண்டோ மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

தாய்வானில் பிறந்தவர் ஆண்டோ. போர் முடிந்த சமயம், ஒசாகா ரயில் நிலையத்துக்குப் பின்னால் கள்ளச் சந்தையில் ஒரு வாய் ராமெனுக்காக ஜனங்கள் குளிரில் வரிசை கட்டி நின்றதைப் பார்த்திருக்கிறார். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, அவர் தலைவராக இருந்த கடன் சங்கம் மூழ்கியது. சொத்தெல்லாம் போய் வீடு மட்டும் மிஞ்சியது. கொல்லையில் ஒரு கொட்டகை போட்டு, நாற்பத்தேழு வயதில் நூடுல்ஸோடு மல்லுக்கட்டத் தொடங்கினார். அருங்காட்சியகத்தில் அந்தக் கொட்டகையை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு வாணலி, ஒரு நூடுல்ஸ் இயந்திரம், சில பாத்திரங்கள். நம் ஊரில் கல்யாணச் சமையல்காரர் இதைவிட அதிகச் சாமானோடு வருவார்.

சிக்கல் இதுதான்: காய்ந்த நூடுல்ஸ் நீண்ட நாள் கெடாமலும் இருக்க வேண்டும், வெந்நீர் பட்டதும் சீக்கிரம் இளகவும் வேண்டும். மனைவி தெம்புரா பொரிப்பதைப் பார்த்தபோது விடை கிடைத்தது. மாவு சூடான எண்ணெயில் விழுந்ததும் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகச் சீறி வெளியேறுகிறது. அது வெளியேறிய வழியெல்லாம் நுண்ணிய துளைகள். அவித்த நூடுல்ஸை அப்படிப் பொரித்தால் ஈரமும் வற்றிவிடும், பிறகு வெந்நீர் அதே துளைகள் வழியாக உள்ளே புகுந்துகொள்ளும். 1958 ஆகஸ்ட் 25-ல் ‘சிக்கின் ராமென்’ 35 யென்னுக்குக் கடைக்கு வந்தது. அப்போது பச்சை உதோன் நூடுல்ஸ் ஒரு உருண்டை 6 யென்தான். ஏழைகளின் சோறு என்று இன்று நாம் சொல்வது பிறந்தபோது பணக்காரப் பண்டம்.

ராமென் இழை மஞ்சளாக, ரப்பர் போல எதிர்த்து நிற்பதற்குக் காரணம் மாவில் சேர்க்கும் கன்சுய் எனும் காரக் கலவை. சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும். அங்கே ஒட்டியிருந்த விளக்கப் பலகையை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அக்கா, “அட, அப்பளக்காரம்!” என்றார். அதேதான். எங்கள் பாட்டி உளுந்து மாவில் கலந்து இடித்த அதே குடும்பத்துச் சரக்கு. இது தெரிந்துவிட்டால் ஒரு வித்தை செய்யலாம். ராமென் கிடைக்காத ஊரில், மெல்லிய ஸ்பகெட்டியை வேகவைக்கும் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைப் போடுங்கள். பொங்கும், பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடத்தில் இத்தாலிக்காரன் ஜப்பான்காரனாகிவிடுவான்.

விடுதியின் இந்தோனேசியத் தோழிகள் எங்கள் ஆராய்ச்சியைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஹலால் இல்லாததால் அவர்களும் ஜப்பானியப் பாக்கெட்டைத் தொடமாட்டார்கள்; ஊரிலிருந்து பெட்டி நிறைய இந்தோமீ மி கோரெங் கொண்டுவந்திருந்தார்கள். அந்த வகையில் சூப் என்பதே கிடையாது. தட்டில் தூள், எண்ணெய், இனிப்புச் சோயா, மிளகாய், பொரித்த வெங்காயம் ஐந்தையும் பிழிந்து வைத்து, வடித்த நூடுல்ஸைப் புரட்டி, மேலே ஒரு பொரித்த முட்டை. சூப் இல்லாத நூடுல்ஸ் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் நான் அதைத்தான் கைகாட்டுவேன். அக்காவின் எலுமிச்சை நூடுல்ஸுக்கு இல்லாதது அந்த எண்ணெயும் இனிப்பும்தான் என்று அவரிடம் சொல்லும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

இப்போது சென்னையில் இருக்கிறேன். பன்னாட்டுப் பாக்கெட்டெல்லாம் தெருமுனைக் கடைக்கே வந்துவிட்டது. ஆறு வண்டிக் கடைகளில் ஒன்றிலாவது சீஸ் மேகி, பட்டர் மேகி, டபுள் மசாலா மேகி என்று எழுதிப்போட்டிருக்கிறார்கள். என் மகள் அங்கே போய் நிற்கிறாள். கொரியர்கள் ஷின் ராம்யுன் போன்ற கடுங்கார நூடுல்ஸில் ஒரு துண்டு சீஸ் போடுவதற்கு அர்த்தம் உண்டு. காரத்தை அது தணிக்கிறது. உப்பு மேல் உப்பாக மசாலாவையும் சீஸையும் கொட்டுவதற்கு என்ன அர்த்தம்? அது மலிவான பண்டத்தை உயர்த்துவதாகாது. காசைக் கூட்டுகிறது, அவ்வளவுதான்.

என்னிடம் கேட்டால், பாக்கெட் நூடுல்ஸுக்கு மூன்று போதும்: நல்ல தண்ணீர், நறுக்கென்று ஒரு காய், ஒரு முட்டை. முட்டையைக் கடைசி நிமிடத்தில் உடைத்து ஊற்றி மூடிவிடுங்கள், கலக்காதீர்கள். ஷிட்டாகே கிடைக்காவிட்டால் தக்காளியோ, வெறும் காய் வெந்த நீரோ இருந்தாலும் போதும். தூளில் பாதியை மட்டும் போடுங்கள். மீதியை உறையோடு மடித்து கிளிப் போட்டு வையுங்கள். மறுநாள் பழைய சோற்றை முட்டையோடு வதக்கும்போது உப்புக்குப் பதில் அதைப் போடலாம். பிள்ளைகள் கேட்டால் முழுத் தூளையும் போட்டதாகவே சொல்லிவிடுங்கள்.